குகை மீன்களை விட்டுவிடும் கணக்கு

பவளத்திட்டு நலமாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பகலில் நீந்தி, கண்ணில் படும் மீன்களைத்தான் எண்ணுகிறார்கள். பகலெல்லாம் பாறைக் குகைகளிலும் கவிந்த பவளத்தின் அடியிலும் ஒடுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு இரைதேடக் கிளம்பும் கார்டினல் மீன்கள் இந்தக் கணக்கில் முழுமையாகச் சேர்வதில்லை. இவற்றில் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை விரல் நீளம்தான். கண் மட்டும் தலைக்குப் பொருந்தாத அளவு பெரிது. முட்டைத் திரளை வாய்க்குள் வைத்துக் காப்பது ஆண் மீன். அந்த நாட்களில் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. தாடை புடைத்து, வாய் சரியாக மூடாமல், உள்ளே முட்டைகள் தெரிய நிற்கும்.

இத்தனை சிறிய மீன்களை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். நிறையவே குறையும். இரவில் வெளியே இறாலினங்களையும் மிதவை உயிர்களையும் தின்றுவிட்டு, விடிவதற்குள் பழைய பொந்துக்கே திரும்புகின்றன. அவற்றின் கழிவு அங்கேயே விழுவதால், வெளியில் கிடைத்த சத்து திட்டுக்குள் வந்து சேர்கிறது. இப்படி வரும் சத்து பவளத்துக்கு உதவும் என்பதற்குச் சான்று வேறொரு மீனிடமிருந்து கிடைத்தது. கரீபியக் கடலில் இரவில் மேய்ந்து பகலில் பவளத்தருகே தங்கும் கிரண்ட் மீன்குஞ்சுகளை ஆராய்ந்தவர்கள், அவை தங்கிய பவளங்கள் மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்ததை 1983-இல் பதிவுசெய்தார்கள். பிற மீன்களுக்கு உணவாவதிலும் சிறியவற்றின் பங்கு பெரிது. திட்டுகளில் இரையாகும் மீன் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம், கார்டினல் உள்ளிட்ட மறைந்துவாழும் சிறுமீன் குடும்பங்களுடையது என்று 2019-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது.

ஒரு குகை இடிந்தால் அடுத்ததற்குப் போய்விடாதா என்பது இன்னொரு கேள்வி. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் அடையாளமிட்ட கார்டினல் மீன்களைப் பிடித்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி விட்டபோது, பல மீன்கள் சில நாட்களில் சொந்த இடத்துக்கே திரும்பின. இடம் மாறவே மாறா என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் எந்தப் பொந்தும் ஒன்றுதான் என்ற எண்ணம் இனி நிற்காது. இவற்றை எண்ண இரவில் மூழ்குவது ஆபத்து, செலவும் கூடும் என்ற தயக்கம் நியாயமானதே. அதற்கும் இந்தப் பழக்கமே வழிசொல்கிறது: பகலில் அவை அதே பொந்தில்தான் இருக்கும். கணக்கெடுக்கப் போகிறவர்கள் கையோடு ஒரு டார்ச்சையும் கொண்டுபோய், ஒவ்வொரு விதானத்தின் அடியிலும் ஒளி பாய்ச்சி எண்ணட்டும்.