ஒரு நூல் அளவு

முதியோர் வாழும் இல்லங்களில் மருந்துகளுக்கென்றே ஓர் இழுப்பறை அமைந்துவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள எங்கள் இல்லத்திலும் அவ்வாறே. எண்பதைக் கடந்த எங்கள் தந்தையார், பார்வை மங்கிய பின்னர், மாத்திரை அட்டைகளைக் கையால் தடவியே எடுத்து வந்தார். ஒரு நாள் இரவில் உண்ணவேண்டியதைக் காலையிலேயே உண்டுவிட்டார். தீங்கு ஏதும் நேரவில்லை. எனினும் அன்று வீடே கலங்கிப்போயிற்று. காலை, நண்பகல், இரவு எனத் தடுப்புகள் கொண்ட மரத்தட்டு ஒன்றை அந்த இழுப்பறைக்குள் பொருத்துவதென முடிவு செய்தோம். தட்டு அசையாமல் இருத்தல் வேண்டும். தடவிப் பழகும் கைகளுக்கு, தட்டு நகர்ந்தால் காலை எது, இரவு எது?

அளவெடுக்கும் பொறுப்பை நாங்களே ஏற்றோம். இழுப்பறையின் முன்பக்கத்தில் டேப்பை வைத்து, உள்ளகலம் 380 மில்லிமீட்டர் எனக் குறித்துத் தச்சரிடம் கொடுத்தோம். அவர் தம் அனுபவத்தால் ஒரு மில்லிமீட்டர் குறைத்தே செய்து தந்தார். அப்படியும் முன்பக்கம் இறங்கிய தட்டு பின்பக்கம் இறங்க மறுத்துவிட்டது. பின்பக்கத்தின் அகலம் 377 மட்டுமே! நம் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பங்கினை ‘நூல்’ என்பர். அது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். அந்த ஒரு நூலில்தான் எங்கள் பணமும் தச்சரின் உழைப்பும் சிக்கி நின்றன.

இவ்வூரில் 1998-ஆம் ஆண்டு ஹூண்டாய் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் இவ்வட்டாரத்தில் உதிரிபாகத் தொழிற்கூடங்கள் பெருகி, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கைப் பற்றிப் பேசுவோர் தெருவுக்கு நால்வராயினர். அண்டை வீட்டு இளைஞர் அத்தகைய கூடமொன்றில் தர ஆய்வாளர். தட்டைக் கண்டதும் சிரித்துவிட்டார். “அண்ணே, ஒரே இடத்தில் அளந்தால் அது அளவே இல்லை” என்றார். அவர்களுடைய வரைபடங்களில், பிற பாகங்களுடன் பொருந்தவேண்டிய அளவுகளுக்கு இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்ற எல்லையும் குறிக்கப்பட்டிருக்குமாம். எங்கள் சீட்டிலோ 380 என்ற ஒற்றை எண்ணே இருந்தது.

அவர் சொல்லித்தந்த முறை எளியது. அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடங்களில், அடியிலும் மேல்விளிம்பிலும் அளக்கவேண்டும். நீளத்தையும் அவ்வாறே. கிடைத்தவற்றுள் மிகச் சிறியதே நமக்குரிய அளவு. அதில் மேலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கழிக்கவேண்டும். மழைக்காலத்தில் மரம் ஈரம் உண்டு உப்பும் என்பதை ஐப்பசி, கார்த்திகையில் கதவோடு போராடிய எவரும் அறிவர். மூலைக்கு மூலை குறுக்கே அளந்து இரு அளவுகளும் ஒவ்வாவிடில், இழுப்பறை கோணலாக உள்ளதென்று பொருள்.

டேப் உட்புற மூலையில் வளைந்துகொள்வதால், அங்கே நாம் படிப்பது பெரும்பாலும் ஊகமே. அதற்குப் பதிலாக, மெல்லிய நேரான இரு குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முனைகள் இருபுறச் சுவரையும் தொடும்வரை விலக்கி, சேருமிடத்தில் பென்சிலால் கோடிட்டு, வெளியே எடுத்து அளக்கலாம். டேப்பின் நுனிக்கொக்கி ஆடுவதைப் பழுதென எண்ணிச் சுத்தியலால் தட்டி இறுக்குவோர் உண்டு. நாங்களும் ஒருமுறை அவ்வாறு செய்தோம். உண்மையில் அது தன் கனத்தின் அளவுக்கு நகரும்படியே செய்யப்பட்டது. வெளியளவுக்கு இழுபட்டும், உள்ளளவுக்கு அழுந்தியும் அது கணக்கைச் சரிசெய்கிறது.

உயரத்தில் வேறொரு கண்ணி உண்டு. இழுப்பறையின் பக்கப் பலகை எவ்வளவு உயரமாயினும், மேலே மேசையின் குறுக்குச்சட்டம் தாழ்ந்திருந்தால் மருந்துப்புட்டியின் மூடி அதில் இடிக்கும். எனவே அடிப்பலகையிலிருந்து அச்சட்டம் வரை அளக்கவேண்டும்.

இம்முறை முதலில் அட்டையை வெட்டி உள்ளே இறக்கிப் பார்த்தோம். பின்னரே தச்சரிடம் சென்றோம். புதிய தட்டின் அகலம் 374. அடியில் ஒரு ரப்பர் துண்டை விரித்தபின் அது சிறிதும் நகரவில்லை. பழைய தட்டைத் தையற்பொருள்களுக்கென இல்லாள் எடுத்துக்கொண்டார்.

தந்தையார் மூன்று நாட்களில் அறைகளைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டார். நான்காம் நாள், “இரவு அறைக்குள் விரல் நுழையவில்லையே, தம்பி” என்றார். மாத்திரை அட்டையை அளந்திருந்தோம். அவருடைய விரல்களை அளக்கவில்லை. மறுநாள் தச்சர் வந்து ஒரு தடுப்பைக் கழற்றி, விரற்கடை தள்ளிப் பொருத்தினார்.