சண்முகரத்தினத்தின் பதிவேடு

கழுத்தில் கட்டி என்று வருபவருக்கு அது காசநோய்க் கட்டியா, நிணநீர்ப் புற்றா, வேறிடத்திலிருந்து பரவிய புற்றா என்று தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. அதை முடிவு செய்து கொடுக்கும் துறை நோயியல். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்குத் தடிமனுக்குச் சீவப்படுகிறது. ஹெமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்கள் ஏறியதும் உயிரணுவின் கரு நீல ஊதாவாகவும் மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். கருக்களின் அளவையும் வடிவத்தையும் அடுக்கையும் பார்த்து நோயியல் நிபுணர் எழுதும் சில வரிகளை வைத்தே அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா என்பது முடிவாகிறது. அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவி, அரை மணி நேரத்துக்குள் பதில் தருவதும் உண்டு. அந்தப் பதில் வரும்வரை அறுவை மருத்துவர் காத்திருப்பார்.

இவ்வளவு பொறுப்புள்ள மருத்துவரை நோயாளி பெரும்பாலும் பார்ப்பதேயில்லை. மாணவர்களும் அதிகம் நினைத்துப் பார்க்காத துறை இது. பிரிட்டனில் 1962இல் அமைந்த ராயல் நோயியல் கல்லூரி, மருத்துவ மாணவர்களுக்கு நோயியல் குறித்துக் கட்டுரைப் போட்டி நடத்துகிறது. அப்படியொரு போட்டிக்குச் சிங்கப்பூர் மாணவர் எழுதுவதானால், பொருளைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை.

கனகரத்தினம் சண்முகரத்தினம் 1921இல் பிறந்தவர். இலங்கைத் தமிழ் மரபினர். இன்றைய அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தை. 1905இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்த காலத்தில் அவர் அங்கே படித்தார். ஜப்பானியர் ஆட்சி குறுக்கிட்டதால் 1947இல்தான் பட்டம் பெற முடிந்தது. பின்பு நோயியல் பேராசிரியரானார். 'சிங்கப்பூர் நோயியலின் தந்தை' என்று அவரை அழைப்பதில் மிகையில்லை.

அவருடைய மிகப் பெரிய கொடை 1967இல் நிறுவிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேடு. 1968 முதல் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட புற்றுநோய்கள் அதில் ஏறத் தொடங்கின. மருத்துவர்கள் தாமாக அனுப்பிய தகவல்கள், நோயியல் அறிக்கைகள், இறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ஒரே நோயாளி இருமுறை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கணினி வசதி இல்லாத நாளில் இது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை! பதிவைச் சட்டக் கடமையாக்கிய தேசிய நோய்ப் பதிவேட்டுச் சட்டம் வந்தது 2007இல். அதற்கு முந்தைய நாற்பது ஆண்டும் பதிவேடு நடந்தது மருத்துவர்களின் ஒத்துழைப்பால்.

அந்த எண்ணிக்கை பல உண்மைகளை வெளிக்கொண்டுவந்தது. மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்று சீனரிடையே அதிகம், இந்தியரிடையே அரிது. சீனரிலும் ஹொக்கியன், தியோச்சியூ மக்களைவிடக் கண்டோனியரிடம் அது கூடுதல் என்பதை 1970இல் வெளியான சண்முகரத்தினத்தின் ஆய்வு காட்டியது. ஒரே ஊரில், ஒரே காற்றைச் சுவாசிப்பவர்களிடம் இந்த வேறுபாடு ஏன் என்ற கேள்வி அங்கே பிறந்தது. எப்ஸ்டைன்-பார் வைரஸ், பரம்பரை, சீன முறை உப்புக்கருவாடு ஆகியவை அதற்கான விடையில் இன்று இடம்பெறுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 1978இல் வெளியிட்ட மேல் சுவாசப் பாதைக் கட்டிகளின் வகைப்பாட்டையும் அவரே முன்னின்று எழுதினார். சிங்கப்பூரில் நுண்ணோக்கி வழியே கண்டவை மற்ற நாடுகளின் மருத்துவர்களுக்கும் அளவுகோலாயின.

இந்தியர்களின் சுமை வேறு: வாய்ப்புற்று. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக நோயியல் துறையில் பணியாற்றிய கேலம் மியூர், ஆர். கிர்க்குடன் சேர்ந்து வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று பற்றிய கட்டுரையை 1960இலேயே வெளியிட்டார். பின்னர் மியூர் லியோன் நகரிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமையில் பணியாற்றினார். அந்த முகமை 2004இல், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அறிவித்தது. குற்றவாளி புகையிலை மட்டுமே, பாக்கு பாவம் என்ற நம்பிக்கை அத்துடன் முடிந்தது. 2016 ஆகஸ்ட் 1 முதல் குட்கா, கைனி, ஜர்தா ஆகியவை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டுள்ளன. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் வெற்றிலைக்கும் பாக்குக்கும் மரியாதை குறையவில்லை. பூசைத் தட்டிலும் தாம்பூலப் பையிலும் அவை இருப்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. நாள்தோறும் கன்னத்தில் அடக்கி மெல்வதில்தான் ஆபத்து.

சண்முகரத்தினம் 2018இல், 97ஆம் வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய பதிவேடு இன்றும் தொடர்கிறது. வாயில் அழியாத வெள்ளைத் திட்டோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருப்பவர்கள் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அவர் சொன்னால் தயங்காமல் சம்மதியுங்கள்.