வாவிலோவ் என்றால் யார்?

ரஷ்யக்காரர்கள் பெயரைப் படித்தாலே நாக்கு சுளுக்கிக்குது என்று நம்ம வகுப்பில் சொல்றாங்க. ஆனால் முறை ரொம்ப சுலபம். முதலில் சொந்தப் பெயர், நடுவில் அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர். நாம் இனிஷியலாகப் போடுவதை அவர்கள் நடுவில் முழுசா எழுதுறாங்க, அவ்வளவுதான். 'வாவிலா' என்பது ஒரு பழைய ஆண் பெயர். அதிலிருந்து வந்த குடும்பப் பெயர் வாவிலோவ். பெண்ணாக இருந்தால் வாவிலோவா.

இந்தப் பெயரில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் நிக்கோலாய் இவானோவிச் வாவிலோவ் (1887-1943). தாவர விஞ்ஞானி. நாம் சாப்பிடும் தானியங்கள் முதலில் எங்கே விளைந்தன என்று கண்டறிய ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா என்று நாடு நாடாகச் சுற்றினார். போன இடத்திலெல்லாம் விதை சேகரித்தார். லைசென்கோ என்பவர் மரபியலே பொய் என்று சொல்லி ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். வாவிலோவ் அதை ஒத்துக்கவில்லை. 1940-இல் கைது செய்தார்கள். 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் சரியான உணவில்லாமல் நலிந்து இறந்தார். பஞ்சத்தை ஒழிக்க விதை சேர்த்தவருக்கா இந்தக் கதி!

அந்த சமயம் லெனின்கிராட் நகரை ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்தது. அங்கே அவர் விதைகளைக் காத்த விஞ்ஞானிகள் சிலர் பசியால் செத்தே போனாங்க. பக்கத்திலேயே இருந்த விதை நெல்லைத் தொடவில்லை.

அவர் தம்பி செர்கேய் இவானோவிச் வாவிலோவ் (1891-1951) இயற்பியல் விஞ்ஞானி. அணு உலைத் தண்ணீரில் நீலமாக ஒரு ஒளி தெரியுமே, அதை 1934-இல் கண்டவர் இவருடைய மாணவர் செரன்கோவ். 1958-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தபோது செர்கேய் உயிரோடு இல்லை. 1945-இல் இவரை சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவர் ஆக்கினார்கள். அண்ணனைச் சிறையில் சாகவிட்ட அதே அரசுதான்! 'வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே' என்று கேட்பீர்கள. ஸ்டாலின் காலத்தில் அப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை என்றுதான் எனக்குத் தோணுது.

வேறு வாவிலோவ்களும் உண்டு. விளாதிமிர் வாவிலோவ் என்ற கித்தார் கலைஞர், தானே இசையமைத்ததைப் பழங்கால இசை என்று சொல்லி 1970-இல் இசைத்தட்டு வெளியிட்டார். பெரிய ஆள்தான்! நடாலியா வாவிலோவா நடித்த 'மாஸ்கோ கண்ணீரை நம்புவதில்லை' படம் 1981-இல் ஆஸ்கார் வாங்கியது.

நிக்கோலாய் குற்றமற்றவர் என்று 1955-இல்தான் அறிவித்தார்கள். நிலாவின் மறுபக்கத்தில் வாவிலோவ் என்று ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அது அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து வைத்த பெயர்.