தேடாமல் கிடைக்கும் தைராய்டு கட்டி: அறுவைச் சிகிச்சைக்கு அவசரம் ஏன்?

புதுதில்லி: கழுத்து வலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் செல்கிறார் ஒருவர். எலும்பைப் பற்றிய விவரங்களுக்குக் கீழே, அறிக்கையின் கடைசி வரியில் ஒரு குறிப்பு: "தைராய்டில் சிறு கட்டி தென்படுகிறது'. வலிக்கு மருந்து தேடிச் சென்றவர், புற்றுநோய் அச்சத்துடன் வீடு திரும்புகிறார்.

இந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. அல்ட்ராசவுண்ட் கருவி கொண்டு தேடினால், பெரியவர்களில் பாதிப் பேரிடம்கூட இத்தகைய கட்டிகள் தென்படலாம். அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்லாதவை. எஞ்சியவற்றிலும் பெரும்பாலானவை மெதுவாக வளரும் "பாப்பிலரி' வகையே.

தென் கொரியாவின் அனுபவம் இதில் ஓர் எச்சரிக்கை. அங்கு 1999-ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இடம்பெறவில்லை. எனினும், சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனும் எடுக்கப்பட்டது. விளைவு, 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கானது. இறப்பு விகிதம் மாறவில்லை. ஆனால், ஏறக்குறைய அனைவருக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. சுரப்பி முழுவதையும் இழந்தவர்கள் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட நேர்ந்தது. சிலருக்குக் கால்சியம் குறைந்தது. சிலருக்குக் குரல் நரம்பு பாதிக்கப்பட்டது. 2014-ல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே எதிர்ப்புத் தெரிவித்த பின், ஓராண்டில் அறுவைச் சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

இந்தியாவிலும் இதன் சாயல் தெரிகிறது. திருவனந்தபுரம் பதிவேட்டின்படி, 2005 முதல் 2014 வரை பெண்களிடையே தைராய்டு புற்றுநோய் விகிதம் ஏறக்குறைய இருமடங்கானது. பரிசோதனைகள் பெருகியதே காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

தற்செயலாகக் கட்டி தெரிந்தால், டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் கழுத்து அல்ட்ராசவுண்டும் முதலில் போதுமானவை. ஒரு செ.மீ.க்குக் குறைவான கட்டிகளுக்குப் பொதுவாக ஊசிப் பரிசோதனை தேவையில்லை என்கிறது அமெரிக்க தைராய்டு சங்கம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

அதற்காக எல்லாக் கட்டிகளையும் அலட்சியப்படுத்தவும் கூடாது. "பெட்' ஸ்கேனில் தனித்து ஒளிரும் கட்டிகளில் சுமார் மூன்றில் ஒன்று புற்றுநோயாக இருக்கக்கூடும். வேகமாக வளரும் கட்டி, குரல் கம்முதல், கழுத்தில் நெறிகட்டுதல், சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றது, குடும்பத்தில் இந்நோய் இருப்பது ஆகியவை தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்.

மற்றவர்கள், கத்திக்கு ஒப்புக்கொள்ளும் முன் கட்டியின் அளவையும் தோற்றத்தையும் மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. பலருக்கு, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வந்தாலே போதும்.