பெட்டிக்கும் பேக்கேஜுக்கும் ஒரே வரிசை

நம் பிள்ளைகளில் பலர் இன்று கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் 'பேக்கேஜ்' என்று பேசினால் அது சம்பளத்தைப் பற்றித்தான் என்று எண்ணிவிட வேண்டாம். மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருளை, எவரும் எளிதில் நிறுவிக்கொள்ளும்படி கட்டித் தருவதற்கும் அதே பெயர்தான்.

1993-ல் இயான் மர்டாக் தொடங்கிய டெபியன் இத்துறையில் ஒரு முன்னோடி. நம் நாட்டின் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அதன் அடித்தளத்தில் எழுந்ததே. லோஹித் தமிழ் எழுத்துருவும் டெபியனில் ஒரு பேக்கேஜ்தான்.

டெபியன் பேக்கேஜின் மூலத்தில் 'ரூல்ஸ்' என்றொரு கோப்பு உண்டு. அது வேலையைப் படிகளாகப் பிரிக்கிறது. 'பில்ட்' என்பது மூல நிரலிலிருந்து மென்பொருளை உருவாக்கும் படி. 'பைனரி' என்பது உருவானதை உரிய இடங்களில் அடுக்கிக் கட்டும் படி. 'கிளீன்' என்பது இவ்விரண்டும் விட்டுச்சென்றதை அகற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவரும் படி.

டிப்ளமா படித்து, ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு இதைப் படித்ததும் 1915-ல் அமைந்த மாட்டுங்கா பணிமனைதான் நினைவுக்கு வந்தது. பெட்டியைத் தூக்கி, போகியைக் கழற்றி, துருப்பிடித்த தகட்டை மாற்றி, அதன் பிறகே பெயிண்ட். வரிசை மாறினால் செய்த வேலையே வீண்.

இங்கும் அப்படியே. படிகள் தனித்தனியாக இருந்தால், வேலை எங்கே நின்றது என்பது உடனே தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துருவை ஒரே முறை கட்டினால் போதும். செயலிக்குச் செயலி மாறும் நிரலை மட்டும் தனித்தனியே கட்டலாம். தேவையான சாமான்களை முன்பே பட்டியலிட வேண்டும். ஸ்டோர்ஸில் இண்டென்ட் போட்டு வாங்கிவைப்பது போல! நடுவில் இணையத்துக்கு ஓடி எதையும் எடுத்துவரக் கூடாது என்பது டெபியனின் விதி.

இதில் என்ன அவ்வளவு அவசியம் என்று கேட்கலாம். பேக்கேஜ் கட்டுபவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். வேலை மாற்றம், குடும்பம் என்று ஒருவர் விலகினால், வேறோர் ஊரில் இருப்பவர் அதைத் தொடர வேண்டும். முதலாமவரின் கணினியில் மட்டுமே உருவாகும் பேக்கேஜ் அவரோடு நின்றுவிடும். அது தமிழ் எழுத்துருவாக இருந்தால் நஷ்டம் நமக்குத்தான். ஒரே மூலத்திலிருந்து எங்கு கட்டினாலும் அணுவளவும் மாறாத பொதி வரவேண்டும் என்று டெபியன் அன்பர்கள் 2013 முதல் பாடுபடுவதும் இத்தகைய நம்பகத்துக்காகவே.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டி முடித்ததும் ஒருமுறை 'கிளீன்' செய்து, மறுபடி கட்டிப் பாருங்கள். அதே பொதி வந்தால்தான் வேலை முடிந்தது என்று கையெழுத்திடலாம்.