கூண்டு டிரைவரும் கணினி டிரைவரும்

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. சுரங்கம் ஓடிய காலத்தில் மணி அடித்துச் சைகை கொடுப்பார்கள். மேலே என்ஜின் டிரைவர் அதைப் புரிந்துகொண்டு கூண்டை ஏற்றுவார், இறக்குவார். சைகை புரியாவிட்டால் கூண்டு நகராது.

கணினிக்கும் டிரைவர் உண்டு. அது ஆள் அல்ல, சிறு நிரல். கணினியின் கட்டளையைப் பிரிண்டருக்குப் புரியவைப்பது அதன் வேலை.

கணினியை இயக்கும் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. பலர் விண்டோஸ் 11-க்கு மாறுகிறார்கள். பழைய டிரைவர் அதற்கு ஒத்துவராவிட்டால் பிரிண்டர் நின்றுவிடும். கடைக்காரருக்கு அன்றைய வருமானம் போகும்.

பிரிண்டரைக் கழித்துவிட வேண்டாம். அதைச் செய்த கம்பெனியின் இணையதளத்தில் புதிய டிரைவரைத் தேடுங்கள். கண்ட இடத்தில் எடுத்தால் வைரஸ் நுழையலாம். மாறும் முன்பே விசாரியுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்து வையுங்கள்.