மாம்பூவையும் பிஞ்சையும் காத்தல்

தென்மராட்சி மண்ணுக்கு மாமரம் புதிதன்று. சாவகச்சேரிச் சந்தையிற் கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் குவியும் காலத்தில், வளவில் நிற்கும் இரண்டு மரங்களே ஒரு குடும்பத்தின் பள்ளிச் செலவைத் தாங்குவதுண்டு. எனினும் மரம் நிறையப் பூத்தும் பிஞ்சு காணாத வீடுகள் பல. பனியிற் பூ கருகிற்று என்பர். கருக்குவது பனியன்று, அவ்வீரத்தில் வளரும் பங்கசும், பூங்கொத்தில் சாறுறிஞ்சும் தத்தியுமே.

பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். ஆப்பு வடிவான சிறு பூச்சிகள் சிதறிப் பறக்குமாயின் அவையே மாந்தத்திகள். அவை பூக்காம்பினுள் முட்டையிடும். குஞ்சுகள் சாற்றை உறிஞ்சி, தேன்போன்ற கழிவை இலைகளிற் சொரியும். அதன்மேற் கரும்பூஞ்சணம் படரும். இலை கறுத்ததைக் கண்டு பங்கசுநாசினி தெளிப்பது வீண். தத்தி ஒழிந்தாற் கறுப்பும் நிற்கும். ஏனைய காலத்தில் இவை பட்டை வெடிப்புகளில் ஒதுங்கியிருக்கும். ஆதலால் அறுவடை முடிந்தவுடன் அடர்ந்த உட்கிளைகளை வெட்டி, வெயிலும் காற்றும் புகச் செய்க. நிழல் குறையுமென்று தயங்குவோர் உளர். நிழலுக்கு வேம்பை நடலாமே.

பூங்கொத்தில் வெண்மாத் தூவியதுபோற் காணின் அது தூள் பூஞ்சணம். நனையும் கந்தகம் இதற்கு ஏற்றது. கரும்புள்ளி விழுந்து காம்பு கருகுமாயின் அது அந்திரக்னோசு. இப்பங்கசு காய்ந்த சுள்ளிகளில் தங்கி மழைத்துளியாற் பரவும். காயில் மறைந்திருந்து, பழுக்கும்போதே வெளிப்படும். சுள்ளிகளைக் களைந்து எரித்தல் தெளித்தலுக்கு முந்திய வேலை.

தெளிப்பதாயின் மொட்டு விரியுமுன் ஒருமுறை, பிஞ்சு கடலையளவானபின் ஒருமுறை. பூ விரிந்திருக்கையிற் பூச்சிநாசினி ஆகாது. மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களுமே. பயிற்சி முடித்த புதிதில் ஒரு வளவில் அவ்வேளையிலே தெளிக்கச் சொல்லி, அவ்வாண்டுக் காய்ப்பைக் கெடுத்தவன் நான்.

பழ ஈயை நஞ்சினால் வெல்வது அரிது. அதன் புழு பழத்தினுள்ளே இருக்கிறது. விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி இரண்டடி ஆழத்திற் புதைக்க. இன்றேல் புழு மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழும். மீதைல் இயூஜினோல் பொறி ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். ஆகவே ஒரு வீட்டார் மட்டும் தூக்கிப் பயனில்லை, அயலவர் யாவரும் ஒருங்கே தூக்குதல் வேண்டும். முசுறு கடிக்கின்றதென்று அதன் கூட்டை எரிக்காதீர். அது உலாவும் மரத்தைப் பழ ஈ பெரும்பாலும் அண்டாது. யப்பானியர் அப்பிள் காய்களுக்குக் கடதாசி உறையிடுவதுபோல, நாமும் எட்டும் கிளைகளிலாவது காய் கோழிமுட்டை அளவானதும் பழைய பத்திரிகைத் தாளால் உறையிடலாம்.